ஈர ரப்பர் எப்போது வழுக்கும்? மழைநீர், போர் தண்ணீர், சோப்புத் தண்ணீர்: வீட்டிலேயே அளந்து பார்க்க முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்தில் வீடு கட்டினால் வாசற்படியிலோ திண்ணையிலோ எங்காவது பாலிஷ் போட்ட கிரானைட் வந்துவிடும். கல் பக்கத்திலேயே அறுபடுகிறது. அந்தப் படி நனைந்திருந்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது "ஈரமா இருக்கு, பார்த்துப் போ" என்பதுதான். ஆனால் ஒரே படியில், ஒரே ரப்பர் செருப்புக்கு, எல்லா ஈரமும் ஒன்றில்லை. மழைநீர், போர் தண்ணீர், துணி அலசி ஊற்றிய தண்ணீர் மூன்றிலும் பிடிப்பு வேறுபடும். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்தான் காரணம். அது எங்கே செல்லுபடியாகும், எங்கே ஆகாது என்று பிரித்துப் பார்க்கவும், வீட்டில் கிடைக்கும் சாமான்களை வைத்து அளந்து பார்க்கவும் இந்த வழிகாட்டி உதவும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் புதிதாக ஏதாவது தேடும் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவே

ரப்பரின் பிடிப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ரப்பர் தரையோடு மிக நெருங்கி ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, தரையின் மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கி நிமிரும்போது உள்ளுக்குள் ஆற்றல் வெப்பமாக வீணாவது. தார்ச்சாலை மாதிரி சொரசொரப்பான இடத்தில் இரண்டாவது வழி பெரும்பங்கு வகிக்கிறது. அதைத் தண்ணீரின் வேதியியல் பெரிதாகத் தொடாது. கண்ணாடி, பாலிஷ் கிரானைட், வழவழ டைல்ஸ் மாதிரி இடங்களில் முதல் வழிதான் எல்லாம். ஒட்டுவதற்கு ரப்பர் தரையைத் தொட வேண்டும். தொட விடாமல் தடுப்பது இடையில் சிக்கிய தண்ணீர்ப் படலம்.

அந்தப் படலம் எடையால் பிதுங்கி வெளியேறிக்கொண்டே இருக்கும். சில பத்து நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெலியும்போது புதிதாக ஒரு விசை குறுக்கே வருகிறது. தண்ணீரில் நனைந்த கண்ணாடிப் பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டிருக்கும். சாதாரண ரப்பரின் பரப்பும் அப்படியே. ரப்பர் பிறப்பிலேயே இந்தக் குணம் உள்ளது. மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதற்கு அவற்றின் எதிர்மின் ஏற்றம் ஒரு முக்கியக் காரணம். கன்னியாகுமரித் தோட்டங்களில் பாலைக் கெடாமல் வைக்க அம்மோனியா சேர்ப்பதும், உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதும் இந்த ஏற்றத்தோடு விளையாடும் வேலைதான்: காரம் ஏற்றத்தைக் காக்கும், அமிலம் அதைத் தணிக்கும்.

இரண்டு பரப்பும் எதிர்மின் என்றால் ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் கரைந்த நேர்மின் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட நுண்துகள்கள்) அந்தப் பரப்புகளைச் சுற்றிக் கூடி, தள்ளுவிசையை மறைக்கப் பார்க்கும். இந்த ஏற்பாட்டுக்கு மின் இரட்டை அடுக்கு என்று பெயர். அது எவ்வளவு தூரம் பரவும் என்பதை டிபை நீளம் என்ற அளவு சொல்கிறது. உப்பு கூடக் கூட அந்த நீளம் சுருங்கும். சுருங்கினால் தள்ளுவிசை எட்டாது, படலம் உடைந்து ரப்பர் கல்லைத் தொட்டுவிடும், பிடிப்பு கூடும்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி சோதித்தவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபர்ட்ஸும் டேபரும். மிக வழவழப்பான ரப்பர் உருண்டையைக் கண்ணாடியில் அழுத்தி, இடையே தெரியும் ஒளி வளையங்களின் நிறத்தை வைத்துப் படலத்தின் தடிமனைக் கணக்கிட்டார்கள். 1971இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சோப்பு வகைப் பொருள் கலந்த தண்ணீரில் படலம் மெலிந்து ஒரு தடிமனில் நின்றுவிடுகிறது. எடை போட்டாலும் தாங்குகிறது. உராய்வு மிகக் குறைவு. அதே தண்ணீரில் உப்பைச் சேர்த்தால் படலம் சரிந்து உராய்வு ஏறுகிறது. ராபர்ட்ஸ் இந்த வேலைக்குள் வந்தது கார் கண்ணாடி வைப்பர் ரப்பரை ஆராயப்போய்.

சோப்பில்லாத தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. ரப்பர் தண்ணீரை விரும்பாத பொருள். அதனால் மெலிந்த படலம் அங்கங்கே தானாகவே கிழிந்து, உலர்ந்த தொடுபுள்ளிகள் உண்டாகும். மிச்சத் தண்ணீர் குட்டிக் குட்டித் தேக்கமாகச் சிக்கிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் ரப்பர் ஓரளவுக்கேனும் பிடிப்பது இதனால்தான். சோப்பு இந்தக் கிழிசலைத் தடுக்கிறது. ஆகவே சோதனையில் பெரிய வித்தியாசம் சோப்பில்தான் வரும். உப்பு, அமிலம், காரம் காட்டும் வித்தியாசம் சிறியது. கவனமாக அளந்தால்தான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் பாதியில் சலித்துப்போகும்.

படி 1: உங்கள் தண்ணீர் எது?

ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிறவர் பையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வேண்டும். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். கூடவே, தண்ணீர் அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பி.எச். தாள் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). இந்த இரண்டும் போதும்.

டி.டி.எஸ். எண்ணிலிருந்து டிபை நீளத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். லிட்டருக்கு மில்லிகிராமில் வரும் எண்ணை 0.000025 ஆல் பெருக்கினால் அயனிச்செறிவு. அதன் வர்க்கமூலத்தால் 0.304ஐ வகுத்தால் விடை நானோமீட்டரில் வரும். டி.டி.எஸ். 10 காட்டும் மழைநீருக்கு 19 நானோமீட்டர். 50 காட்டும் ஆர்.ஓ. தண்ணீருக்கு 8.6. டி.டி.எஸ். 1,000 உள்ள போர் தண்ணீருக்கு 2க்கும் கீழே. கடல்நீரில் அரை நானோமீட்டர்கூட இல்லை. தருமபுரியில் பல ஊர்களின் போர் தண்ணீர் நல்ல கடினநீர். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் அது சங்கடம். ஆனால் ரப்பர் பிடிப்புக்கு அதுதான் தோழன்.

கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் இரட்டை ஏற்றம் கொண்டவை. ஒற்றை ஏற்றமுள்ள சோடியத்தைவிட இவை தள்ளுவிசையை மறைப்பதில் பல மடங்கு திறமைசாலிகள். மும்மடங்கு ஏற்றமுள்ள அலுமினியம் இன்னும் மேலே. கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் சேறு அடியில் தங்குவதும் இதே கதைதான்: எதிர்மின் ஏற்றத்தால் விலகி நிற்கும் களிமண் துகள்கள், அலுமினியம் வந்ததும் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுகின்றன.

நம் பக்கம் தண்ணீர் என்றதும் ஃபுளோரைடு பேச்சு வரும். இந்திய தர நிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய கிணறுகள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பல்லுக்கும் எலும்புக்கும் அது பெரிய விஷயம். உராய்வுக்கு அது பொருட்டே அல்ல. அந்தச் சிறு அளவு மற்ற உப்புகளின் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

படி 2: தளம்

கண்ணாடிக் கடையில் ஒரு அடிக்கு ஒரு அடி ஜன்னல் கண்ணாடித் துண்டு, ஓரம் தேய்த்து வாங்குங்கள். பாலிஷ் போட்ட கிரானைட் வெட்டுத்துண்டும் ஒன்று இருக்கட்டும். மார்பிளும் கடப்பைக் கல்லும் வேண்டாம். அமிலக் கரைசல் அவற்றை அரித்துவிடும்.

படி 3: ரப்பர்க் கால்கள்

இங்கேதான் பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் கெடும். கைக்குக் கிடைத்த ரப்பரை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கல்லில் வைத்து இழுப்பார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் அளப்பது வேதியியலை அல்ல, வெளியேறாமல் தேங்கிய தண்ணீரை.

படலம் பிதுங்கி வெளியேற எடுக்கும் நேரம், ஒரே அழுத்தத்தில், ரப்பர் துண்டின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 செ.மீ. விட்டமுள்ள ஒரே வட்டின் மேல் 1 கிலோ வைத்தால், படலம் 100 நானோமீட்டருக்கு மெலியவே சுமார் 4 நிமிடம் ஆகும். 20 நானோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதே 1 கிலோவை 5 மி.மீ. விட்டமுள்ள மூன்று வட்டுகள் தாங்கினால் 100 நானோமீட்டர் சுமார் 3 வினாடியில், 20 நானோமீட்டர் ஒன்றேகால் நிமிடத்துக்குள். இது கச்சிதமான தட்டைப் பரப்புக்கான கணக்கு. நிஜத்தில் ரப்பர் வளைந்து நடுவில் தண்ணீரைச் சிறைபிடிக்கும்; பரப்பின் கீறல்கள் வடிகாலாகவும் உதவும். ஆனாலும் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது தெளிவு: சின்ன வட்டுகள், மூன்று கால். செருப்படியிலும் டயரிலும் ரப்பரைச் சிறுசிறு கட்டங்களாகக் கீறி வைத்திருப்பதற்கும் இந்த வர்க்கக் கணக்குதான் காரணம்.

பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள். செருப்புத் தைப்பவரிடம் தோலில் துளை போடும் பஞ்ச் இருக்கும். அதில் 5 மி.மீ. வட்டுகள் கச்சிதமாக வரும். டியூபின் வெளிப்பக்கத்தில் வழவழப்பான, அச்செழுத்து இல்லாத இடமாகப் பார்த்து வெட்டுங்கள். புது வைப்பர் பிளேடு வேண்டாம்; பெரும்பாலும் கிராஃபைட் பூச்சோ குளோரின் பதமோ கொடுத்திருப்பார்கள். கையுறை ரப்பரும் அப்படித்தான். ஹவாய்ச் செருப்பு என்று விற்பதில் பல ரப்பரே கிடையாது.

ஒரு சிறு பிளைவுட் துண்டின் அடியில் முக்கோணமாக மூன்று வட்டுகளை ஃபெவிக்விக் வைத்து ஒட்டுங்கள். பசை ஓரத்தில் வழிந்தால் அந்த வட்டைப் பிய்த்தெறிந்து வேறு ஒட்டவும். மேலே 1 கிலோ எடைக்கல்.

படி 4: இழுக்கும் ஏற்பாடு

பலகையைச் சாய்த்து, எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரியும். ரப்பருக்கு அது சரிப்படாது. சுத்தமான உலர்ந்த கண்ணாடியில் ரப்பரின் உராய்வுக் கெழு (நகர்த்தத் தேவையான விசையை எடையால் வகுத்தால் வரும் எண்) 1ஐத் தாண்டும். 45 பாகைக்கு மேல் சாய்த்தும் நகராது, எடைக்கல்தான் உருண்டு விழும்.

கண்ணாடியை மேசை ஓரத்தில் மட்டமாக வையுங்கள். சறுக்குப் பலகையில் நைலான் நூல் கட்டி, மேசை ஓரத்தில் பொருத்திய சிறு கப்பி வழியாகக் கீழே விட்டு, நுனியில் காலி 2 லிட்டர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். நூல் ரப்பர்க் கால்களுக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. உயரே கட்டினால் முன்கால் அழுந்திப் பின்கால் தூக்கும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். பலகை நகர்ந்ததும் நிறுத்தி, பாட்டிலைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். அந்த எடையைப் பலகை, எடைக்கல் இரண்டின் மொத்த எடையால் வகுத்தால் உராய்வுக் கெழு.

ரப்பருக்கு ஒரு வம்பு உண்டு: அது சட்டென்று வழுக்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே எது நகர்வு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 10 வினாடிக்குள் 1 செ.மீ. கடந்தால் நகர்வு, அதற்குக் குறைந்தால் கணக்கில் இல்லை. 10 வினாடிக்கு ஒரு முறை 20 மி.லி. என்று ஒரே வேகத்தில் ஊற்றுங்கள். எடையையும் மாற்றக் கூடாது. வழவழப்பான பரப்பில் ரப்பரின் உராய்வுக் கெழு எடை கூடினால் குறையும், பாடப்புத்தகத்து மரக்கட்டை மாதிரி மாறாமல் இருக்காது.

படி 5: கழுவுதல்

அளப்பதைவிட இதற்குத்தான் நேரம் அதிகம். கண்ணாடியைப் பாத்திரம் விளக்கும் திரவத்தால் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் பலமுறை அலசி, கடைசியாகப் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசுங்கள். அந்தத் தண்ணீரையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். 10க்கு மேல் காட்டினால் வேறு கடை. கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே தாளாகப் படர்ந்து இறங்க வேண்டும். திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது.

டியூப் ரப்பரில் டால்க் மாவு ஒட்டியிருக்கும். உள்ளிருந்து மெழுகும் பிற சேர்மானங்களும் மேலே கசிந்து படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, கண்ணாடியில் நாலைந்து முறை சும்மா இழுத்துவிட்டுப் பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

படி 6: கரைசல்களும் வரிசையும்

காய்ச்சி வடித்த தண்ணீர், ஆர்.ஓ., போர் தண்ணீர் மூன்றும் அப்படியே. மற்றவை காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தவை. உப்புக்கு லிட்டருக்கு 5.8 கிராம், அதில் 100 மி.லி. எடுத்து லிட்டராக்கினால் பத்தில் ஒரு பங்குச் செறிவு. படிகாரம் லிட்டருக்கு 4.7 கிராம், போர் தண்ணீரில் கரைக்காதீர்கள், வெள்ளையாகத் திரிந்துவிடும். அமிலத்துக்கு சிட்ரிக் ஆசிட் தூள், பி.எச். 3க்குக் கீழே வரும்வரை. எலுமிச்சையைப் பிழிந்தால் தோலெண்ணெயும் சக்கையும் சேர்ந்து வரும், வேண்டாம். காரத்துக்கு சலவை சோடா, பி.எச். 10க்கு மேல். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்ட நீரும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சோடா, சுண்ணாம்புத் தெளிநீர் இரண்டையும் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சோப்பு: குளியல் சோப்புச் சீவல் லிட்டருக்கு 1 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒன்று, போர் தண்ணீரில் ஒன்று. பாத்திரத் திரவமும் அதே மாதிரி இரண்டு.

சோப்பு எப்போதும் கடைசி. ஒருமுறை ரப்பரில் பட்டால் எளிதில் போகாது. ஒவ்வொரு கரைசலுக்கு நடுவிலும் காய்ச்சி வடித்த தண்ணீருக்குத் திரும்பி வந்து அளந்து பாருங்கள். முதலில் வந்த எண்ணை ஒட்டி வரவில்லை என்றால் ஏதோ ஒட்டியிருக்கிறது. அந்த வரிசையை ரத்து செய்துவிட்டுப் புது வட்டு ஒட்டுங்கள்.

படி 7: ஓட்டம்

கண்ணாடியில் கரைசலைத் தாராளமாக ஊற்றி, பலகையை மெதுவாக வைத்து, 2 நிமிடம் காத்திருந்து, பிறகு ஊற்றத் தொடங்குங்கள். காத்திருப்பை 10 வினாடியாகக் குறைத்தும் ஒரு வரிசை எடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறையாவது. எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடியுங்கள்: ஓசூர்க் காலை 20 பாகையில் தண்ணீரின் பிசுக்குமை (ஓட்டத்துக்கு அது காட்டும் தடை) 1.0 என்றால், தருமபுரி மதியம் 35 பாகையில் 0.72தான். ரப்பரும் வெப்பத்துக்கு ஏற்பக் குணம் மாறும்.

வரும் எண்களை எப்படிப் படிப்பது

எதிர்பார்க்க வேண்டிய வரிசை இது. அமிலம், படிகாரம், உப்புச்செறிவு அதிகமுள்ள தண்ணீர் மேலே. காய்ச்சி வடித்ததும் ஆர்.ஓ.வும் நடுவில். சோடாக் கரைசல் அவற்றுக்குக் கீழே. காரம் இரு பரப்பிலும் எதிர்மின் ஏற்றத்தைக் கூட்டுவதால். ஆனால் சோடாவே ஒரு உப்பும்தான், நிறையப் போட்டால் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும். குறைந்த அளவில் செய்தால்தான் காரத்தின் விளைவு தெரியும். சுண்ணாம்புத் தெளிநீர் சுவாரசியமானது. பி.எச். 12க்கு மேல், கொழகொழவென்று வழுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் கூடவே வரும் கால்சியம் அந்த ஏற்றத்தை அடக்கிவிடும். விரலில் தொட்டால் வழுவழுப்பாகத்தான் இருக்கும். அது தோலின் எண்ணெயோடு காரம் சேர்ந்து சோப்பாக மாறுவதால். விரலை நம்பாதீர்கள்.

சோப்பு எல்லாவற்றுக்கும் கீழே. அங்கேயும் ஒரு பிரிவு உண்டு. குளியல் சோப்பு போர் தண்ணீரில் நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரிவதை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதால், படலத்தைத் தாங்கும் சோப்பு குறைகிறது. பாத்திரத் திரவம் கடினநீரை ஓரளவு தாங்கும். அதனால் போர் தண்ணீரில் குளியல் சோப்புக்கும் பாத்திரத் திரவத்துக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும், காய்ச்சி வடித்த தண்ணீரில் அவ்வளவு தெரியக்கூடாது. திரிந்த பிசுக்கு தரையில் காய்ந்து படிந்தால் அதுவே தனியாக வழுக்கும், அது வேறு தொல்லை.

வித்தியாசமே வரவில்லையா? பெரும்பாலும் ரப்பர் பரப்பு சொரசொரப்பாக இருக்கும், அல்லது கண்ணாடி சரியாகக் கழுவப்பட்டிருக்காது. கிரானைட்டில் வித்தியாசம் கண்ணாடியைவிடக் குறைந்தே வரும். பாலிஷ் போட்டவர்கள் மேலே மெழுகு தேய்த்திருந்தால் கல்லின் குணமே அளவில் வராது.

வீட்டிலும் வேலையிடத்திலும்

மாப் போட்ட தரையைச் சுத்தமான தண்ணீரால் இன்னொரு முறை துடைப்பது வீண்வேலை இல்லை. துடைக்கும் தண்ணீர் போர் தண்ணீராகவே இருக்கட்டும், ஆர்.ஓ. கழிவுநீர் இன்னும் உப்பு, தரைக்கு அது தாராளமாகப் போதும். வயதானவர்களின் கைத்தடி அடியில் உள்ள ரப்பர்க் குமிழ் தேய்ந்து வழவழத்துப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். வட்ட வட்டமாக வரிப்பள்ளம் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். காரணம் படி 3இல் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் தரை முழுக்கக் கூழ். கூழ் புளிப்பானது, வேதியியல்படி பூட்ஸ் பிடிக்க வேண்டும். ஆனால் சர்க்கரையும் நாரும் சேர்ந்த கெட்டிக் கூழ் சீக்கிரம் பிதுங்காது, அதனால் வழுக்கும். கழுவும்போது காரமும் சோப்பும் கலந்த தண்ணீர் ஓடும், அது வேறு காரணத்தால் வழுக்கும். இரண்டையும் ஒரே எச்சரிக்கைப் பலகையால் சமாளிக்க முடியாது: முதலாவதற்குத் தேவை வழித்துத் தள்ளுவது, இரண்டாவதற்கு நிறையத் தண்ணீர் விட்டு அலசுவது.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் வரும் நுரையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நுரை நிற்கிறது என்றாலே தண்ணீரில் சோப்பு வகைப் பொருள் இருக்கிறது என்று பொருள். அந்த நுரை படிந்த பாறையிலோ சிமென்ட் தளத்திலோ ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். ஒகேனக்கல் பாறைகளில் வழுக்குவதற்குக் காரணம் வேறு: பாசியும், மசாஜ் எண்ணெயும்.

சாலைக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முதல் மழையில் வண்டி வழுக்குவதற்குத் தண்ணீரின் பி.எச். காரணம் அல்ல. எண்ணெய், தூசி, தேய்ந்த டயர்த் துகள் மூன்றும் கொஞ்சமே கொஞ்சம் ஈரத்தில் குழைந்து பசையாகி நிற்பது ஒரு காரணம். நன்றாக மழை பெய்து அதைக் கழுவிவிட்டால், பிறகு வேகம்தான் பிரச்சினை: படலம் நானோமீட்டரில் இல்லை, மில்லிமீட்டரில். தண்ணீர் தேங்கிய சாலையில் வரித்தடம் தேய்ந்த கார் டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1960களில் நாசாவின் விமானச் சக்கரச் சோதனைகளில் இருந்து வந்தது. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் மணிக்கு 91 கி.மீ. அழுத்தம் 20க்கு இறங்கினால் 75க்கும் கீழே. மழைக்காலத்தில் கணவாய் வழியாகப் போகிறவர்கள் பி.எச். தாளை வீட்டில் வைத்துவிட்டு, பங்க்கில் காற்று பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.